எட்டில் முடியாத எண்கள்

போன வருடம் மூன்று கிழமைகள், என் மனைவியின் உடம்பில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பது மேல்மாடியில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய இடது மேற்கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொத்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு எண்ணை அவளுடைய கைத்தொலைபேசிக்கு அனுப்பும். அங்கிருந்து அது பதினேழு படி ஏறி மேல்மாடிக்காரரின் கைத்தொலைபேசிக்குப் போகும். நாளொன்றுக்கு இருநூற்று எண்பத்தெட்டு எண்கள். அதே குசினியில், அதே மேசையில், அவளுக்கு நேர் எதிரே இருந்த எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

அதற்கு முன் பதினொரு வருடங்கள் அந்த எண்களை வைத்திருந்தவன் நான். இதைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் எதுவும் விளங்காது.

அவளுக்கு நீரிழிவு வந்து வெகுகாலம். குளிசை போதாது, ஊசி வேண்டும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து நான் கொப்பி வைத்தேன். எண்பது பக்கக் கட்டக் கொப்பி. ஒரு பக்கம் ஒரு கிழமை. ஒரு நாளுக்கு நான்கு கட்டம்: காலை, மதியம், மாலை, படுக்கப் போகும் முன். வேலை இப்படி நடக்கும். அவள் மேசையின் உள்பக்கத்தில் இருந்து விரலில் குத்துவாள். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனையைத் திறந்து வைத்திருப்பேன். எனக்கு இரத்தம் பார்க்க ஏலாது. ஒரு சொட்டுப் போதும், காது அடைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். தவளை வெட்டும் பாடம் வந்தால் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு அவருடைய வகுப்புக்கு இரசாயனம் எடுப்பேன். ஆகவே அவள் குத்தி, சொட்டைத் தாளில் வைத்து, கருவி கூவும்வரை நான் தெருவில் போகும் சைக்கிள்களை எண்ணுவேன். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்த எர்லாங்கனில் எண்ணுவதற்குச் சைக்கிளுக்குக் குறைவில்லை. பிறகு கேட்பேன்.

"எத்தனை?"

"நூற்றி நாற்பத்திரண்டு."

எழுதுவேன். அவள் கருவியைப் பையில் வைத்து மூடுவாள். பதினொரு வருடத்தில் பதினாறாயிரம் தடவைக்கு மேல் இந்த உரையாடல் எங்களுக்குள் நடந்திருக்கிறது. வேறு எதைப் பற்றியும் நாங்கள் பதினாறாயிரம் தடவை பேசவில்லை.

எட்டாவது கொப்பி தொடங்கும்போது ஒரு சிறு தகராறு. அட்டையில் எட்டு என்று போட அவள் விடவில்லை. எட்டு அவளுக்கு ஆகாது. எட்டாம் திகதி பயணம் போகமாட்டாள். வடை சுட்டு எட்டில் நின்றால் மாவை வழித்து ஒன்பதாவதைச் சுடுவாள், அது கோலிக்குண்டு அளவில் இருந்தாலும். நான் படித்தவன், இதெல்லாம் எனக்குச் சிரிப்பு. ஆனாலும் அட்டையில் "7ஆ" என்று எழுதினேன். கொப்பி என்னுடையது, எண்கள் அவளுடையவை, விட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

என் எண்கள் நல்ல எண்கள். நூற்று இருபது, நூற்று நாற்பது, ஆடி அமாவாசைச் சாப்பாட்டுக்குப் பிறகு நூற்று எழுபது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வைத்தியர் இரத்தம் எடுத்து அனுப்பும் சோதனை, அந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்வது, ஒவ்வொரு தடவையும் என் கொப்பியை விட மிக அதிகமாக வந்தது. வைத்தியர் கொப்பியைப் பார்ப்பார், கடதாசியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அவளுக்கு ஜெர்மன் மொழி மட்டுமட்டு, மொழிபெயர்ப்பவன் நான். "உங்கள் ஆய்வுகூடம் பிழை" என்று நான் சொன்னேன். ஆய்வுகூடத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆறு கடிதம். நான் இருபத்தொன்பது வருடம் ஒரு களஞ்சியத்தில் உதிரிப்பாகங்கள் எண்ணியவன், வருடக் கணக்கெடுப்பில் என் தட்டுகளில் ஒரு திருகாணி குறைந்ததில்லை என்றும் அதில் எழுதினேன். ஆறுக்கும் மரியாதையான பதில் வந்தது. பிறகு வைத்தியரை மாற்றினேன். இரண்டாமவருடைய ஆய்வுகூடமும் பிழை. மூன்றாவதாக வந்தது ஒரு பெண் வைத்தியர், குட்டை முடி, அதிகம் பேசாதவர். அவர் கொப்பியைத் திறந்து இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடினார். வேறொரு சோதனை செய்தார். அவளுடைய சதையி என்னும் கணையம் சொந்தமாகச் சுரக்கும் இன்சுலின் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றார். அதைச் செய்யும் கலங்களில், அதாவது செல்களில், பெரும்பகுதி இனி இல்லை. இனிமேல் வெறும் ஊகத்தில் ஓட முடியாது, கையில் உணரி ஒட்ட வேண்டும் என்றார்.

வெறும் ஊகம் என்றார். எட்டுக் கொப்பியை.

உணரிக்கு நவீனத் தொலைபேசி வேண்டும். என்னுடையது பொத்தான் அழுத்துவது, பதின்மூன்று வருடமாக ஒரு தடவைகூடப் பழுதாகாதது. அவளிடம் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தங்கை கொடுத்த பெரிய தொலைபேசி இருந்தது. அதில் உணரியை இணைக்க எங்கள் இரண்டு பேராலும் ஏலவில்லை. அவள் என்னைக் கேட்காமல் மேலே போய் அந்த மனிதரைக் கூட்டிவந்தாள்.

அவர் தமிழ்நாட்டுக்காரர், நாற்பத்திரண்டு வயது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. மனைவிக்கு மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் வேலை என்பதால் சனி ஞாயிறு மட்டும்தான் அவர்கள் சேர்ந்திருப்பார்கள், மற்ற ஐந்து நாளும் தனியாள். இரண்டு வருடமாக மேலே இருக்கிறார், அதுவரை படியில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. அன்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், நாலு நிமிடத்தில் இணைத்தார். நான் குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. இன்னொருவருடைய தொலைபேசிக்கும் இந்த எண்களை அனுப்பலாம், அங்கிளுக்குப் போடட்டுமா என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"அவருக்கு வேண்டாம் தம்பி. உங்களுக்குப் போடுங்கோ. ஏதும் குறைஞ்சு மயங்கினால் நீங்கள் ஓடிவருவியள்."

என்னுடைய தொலைபேசி பொத்தான் தொலைபேசி என்பதால் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீரை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதிலிருந்து அவர் கிழமைக்கு மூன்று தடவை வந்தார். நான் எண்ணினேன். செவ்வாய், வியாழன், மனைவியை ரயில் ஏற்றிவிட்டு ஞாயிறு பின்னேரம். எனக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி, அவருக்குச் சீனி போட்டது. பிட்டு அவித்தால் குழலில் இருந்து விழும் முதல் பிட்டு அவருடைய கோப்பையில். நாற்பத்தொரு வருடமாக முதல் பிட்டு எனக்கு விழுந்தது. இதை ஒரு பெரிய விஷயமாக எழுதுகிறேனே என்று வாசிப்பவர் நினைக்கலாம். உங்கள் வீட்டில் முதல் பிட்டு வேறொருவருக்கு விழட்டும், பிறகு பேசுவோம்.

ஒரு வியாழன் அவள் அவரைக் கேட்டாள், அந்தக் கலங்கள் எங்கே போனதென்று. வைத்தியர் இல்லை என்கிறார், ஏன் இல்லை? என்னைக் கேட்டிருக்கலாம். நான் உயிரியல் படித்தவன். அவரைக் கேட்டாள்.

அவர் அதைத்தான் ஆராய்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"ஆன்ட்டி, இன்சுலின்ங்கறது ஒரு புரோட்டீன். செஞ்ச உடனே வேலை செய்யாது. சரியா மடிச்சாத்தான் வேலை செய்யும். செல்லுக்குள்ள மடிக்கிறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. ஈ.ஆர்.னு சொல்வோம்."

"அகமுதலுருச் சிறுவலை" என்றேன் நான்.

"என்ன சொன்னீங்க அங்கிள்?"

திருப்பிச் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகத்தில் அப்படித்தான். கலத்தின் படம் கீறி, கருவைச் சுற்றி மடிப்பு மடிப்பாக அதைக் கீறி, அம்புக்குறி போட்டுப் பெயரிட்டால் பரீட்சையில் இரண்டு புள்ளி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த இரண்டு புள்ளியைக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. எழுதித் தரச் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது.

"அவர் அப்பிடித்தான் தம்பி" என்றாள் அவள். "எல்லாத்துக்கும் பேர் எழுதி அம்புக்குறி போட்டாத்தான் அவருக்கு மனம் ஆறும். நீங்கள் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். உடம்பு கூடக் கூட இன்சுலின் கேட்கிறது. கலமும் கூடக் கூடச் செய்கிறது. மடிக்கும் இடத்துக்கு வந்து சேர்வது மடித்து முடிப்பதை விட அதிகமாகிறது. மடிபடாதவை, கோணலாக மடிந்தவை குவிகின்றன. அதற்குமேல் அவர் சொல்லவேண்டி இருக்கவில்லை. என் மனைவி இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில், எங்கள் வீட்டுப் பேச்சில் வெஷரை, இருபத்திரண்டு வருடம் துணி மடித்தவள்.

"திங்கட்கிழமை மாதிரி" என்றாள்.

திங்கட்கிழமை என்றால் சனி ஞாயிறுத் துணி முழுதும் ஒன்றாக வரும். அழுத்தும் உருளை ஒன்று நின்றால் போதும், ஈரப் படுக்கை விரிப்பு ஆள் உயரத்துக்குக் குவியும். முதலில் மேலாளர் பெண் வார்டுகளுக்குத் தொலைபேசி எடுத்து, இன்னும் அனுப்பவேண்டாம் என்று சொல்லுவாள். பிறகு அடுத்த முறை வேலைக்கு வருபவர்களை முன்கூட்டியே கூப்பிடுவாள். கிழிந்தது, கறை போகாதது எல்லாவற்றையும் மடிக்காமல் சாக்கில் போட்டுக் கழிக்கச் சொல்லுவாள். இதை அவள் கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள், மேலாளர் நடந்த மாதிரி நடந்தும் காட்டினாள்.

அவர் மேசையில் தட்டினார். அப்படியே மூன்றும், அதே ஒழுங்கில், கலம் செய்கிறது என்றார். வரவைக் குறைக்கும், மடிப்பதற்கு உதவும் ஆட்களைக் கூட்டும், கெட்டதைக் கழிக்கும். அவருடைய மாணவர்களுக்கு இது விளங்க ஒரு மாதம் பிடித்ததாம். ஆன்ட்டி வந்து வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

அவள் சிரித்தாள். அன்று பின்னேரம் அவள் ஏழு தடவை சிரித்தாள். இருபத்திரண்டு வருடம் நான் அவளைப் பேருந்துத் தரிப்பில் காத்து நின்று கூட்டிவந்திருக்கிறேன். அந்த மேலாளர் எப்படி நடப்பாள் என்று ஒரு நாளும் எனக்குக் காட்டியதில்லை. இன்றைக்கு எத்தனை விரிப்பு என்று நான் கேட்பேன், அவள் ஒரு எண் சொல்லுவாள், அதோடு சரி.

"அப்பிடியும் குறையாட்டி?" என்று கேட்டாள்.

அங்கேதான் சலவைக்கூடத்துக்கும் கலத்துக்கும் வித்தியாசம் என்றார் அவர். கலத்துக்குள் அபாயமணி அடிப்பது எதுவோ, அதுவேதான் கடைசியில் சாகச் சொல்லிக் கட்டளை போடுகிறது. காப்பாற்றுவதற்கு ஒன்று, கொல்வதற்கு இன்னொன்று என்று இல்லை. கொஞ்ச நேரம் அடித்தால் அது உதவி. விடாமல் நாட்கணக்கில் அடித்தால், இனி இது சரிவராது என்று அதே மணி முடிவுகட்டிவிடுகிறது. கட்டளை கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகளுக்குப் போகிறது. அவற்றின் சுவர் திறக்கிறது. உள்ளிருந்து கசிவது பட்டதும், அதுவரை உறங்கிக்கிடந்த கத்தரிக்கோல் போன்ற நொதியங்கள் எழும்புகின்றன. கலம் தன்னைத் தானே உள்ளே நறுக்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவைக்கிறது. பக்கத்தில் இருப்பவை அதை விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை, நோ இல்லை. நீரிழிவில் அந்தக் கலங்கள் குறைவதற்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை என்றும் சொன்னார். கவனமான மனிதர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப சத்தமே இல்லாமல் போயிடுமோ?"

"சத்தமே இருக்காது ஆன்ட்டி. வெளிய எல்லாம் நல்லாத்தான் தெரியும். பாதிக்கு மேல போனப்புறம்தான் நமக்கே தெரியும்."

அவள் மேசைத் துணியின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முதல் உணரி பதினான்கு நாள் ஓடி முடிந்தது. அந்தப் பதினான்கு நாளும் நான் பழைய முறையை விடவில்லை. இயந்திரத்தை நம்ப ஏலாது, ஒப்பிட்டுப் பார்க்க வேணும் என்று பிடிவாதமாக நின்றேன். அவளும் மறுக்காமல் நாலு நேரமும் விரலைக் குத்தினாள். நான் யன்னலைப் பார்த்தேன், எத்தனை என்று கேட்டேன், எழுதினேன். தொலைபேசியை அவள் கவிழ்த்து வைத்து அதன்மேல் கைத்துணியைப் போட்டிருந்தாள்.

பதினைந்தாம் நாள் வைத்தியர் உணரியின் பட்டியலை அச்செடுத்துத் தந்தார். நேரம், எண், நேரம், எண். பத்தொன்பது பக்கம். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கோடு போட்ட தாளில் இரண்டு நிரலாக எழுதினேன். இடப்பக்கம் என் கொப்பி, வலப்பக்கம் அதே நிமிடத்தில் உணரி. ஐம்பத்தாறு சோடி. என்னுடையதில் ஆகக் கூடியது நூற்று எழுபத்தொன்று. உணரியில் இருநூற்றுத் தொண்ணூறுகூட இருந்தது. சராசரி வித்தியாசம் எழுபத்தொன்பது. உணரி பிழை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பதினேழு படியையும் நிற்காமல் ஏறினேன்.

அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். மேலிருந்து கீழே விரலால் பார்த்துக்கொண்டு போனார். இரத்தத்தில் அல்ல, தோலடியில் உள்ள இடைத்திரவத்தில் அளப்பதால் உணரி பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தும் என்று தொடங்குவார், அதற்கு மறுமொழி தயாராக வைத்திருந்தேன். அவர் தொடங்கவில்லை. தாளின் அடியில் விரலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க நம்பர் பார்க்கறதுல என்னைவிடக் கெட்டிக்காரர். இதை இன்னொரு தடவை நீங்களே பாருங்க" என்றார். தாளை இரண்டாக மடித்து என் கையில் தந்தார்.

அந்த முகத்தில் கண்டது என்னவென்று படி இறங்கும்போதுதான் எனக்குப் பட்டது. அவருக்கு ஏதோ தெரியும். சொல்லக்கூடாது என்று யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை அவள் கடைக்குப் போனதும் தாளை விரித்தேன். வித்தியாசத்தைப் பார்க்காமல் எண்களைப் பார்த்தேன். களஞ்சியத்தில் ஒருவன் தட்டை எண்ணாமலே எண்ணிக்கை எழுதுகிறானா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. கடைசி இலக்கத்தைப் பார்ப்பேன். உண்மையாக எண்ணினால் எல்லா இலக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். மனதால் எழுதுகிறவனுக்குப் பிடித்த இலக்கம், பிடிக்காத இலக்கம் என்று இருக்கும். உணரியின் ஐம்பத்தாறில் எட்டில் முடிவது ஏழு. என்னுடைய ஐம்பத்தாறில் எட்டில் முடிவது ஒன்றும் இல்லை.

தற்செயலாக இருக்கலாம் என்று 7ஆ முழுவதையும் பார்த்தேன். இல்லை. ஏழு, ஆறு, ஐந்து என்று பின்னால் போனேன். ஆயிரக்கணக்கான எண்கள், எல்லாம் என் கையெழுத்து, ஒரு எட்டு இல்லை. முதலாம் கொப்பியில் இருந்தன, இருநூற்றுப் பத்தொன்பது, இருக்கவேண்டிய அளவு. இரண்டாம் கொப்பியிலும் முப்பத்தோராம் பக்கம்வரை இருந்தன. அந்தப் பக்கத்தில், ஒரு வியாழன் காலைக் கட்டத்தில் முன்னூற்றுப் பதினெட்டு என்று சிவப்பில் எழுதி இரண்டு தடவை சுற்றி வட்டமும் போட்டிருக்கிறேன். அதுதான் கடைசி எட்டு. அதற்கு அடுத்த கட்டத்தில் நூற்று நாற்பத்திரண்டு. மதியமே.

எனக்கு அந்த வியாழன் நினைவில் இருந்தது. அடுத்த சனி ஸ்டுட்கார்ட்டில் அவளுடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம். அவள் சேலையை அழுத்தி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். முன்னூற்றுப் பதினெட்டைக் கேட்டதும் நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். இந்த எண்ணோடு பயணம் இல்லை, கலியாணச் சாப்பாடு இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். அன்று காலையே தங்கைக்குத் தொலைபேசி எடுத்து நானே சொன்னேன். அவள் சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். மதியம் நூற்று நாற்பத்திரண்டு என்றாள். சனிக்கிழமை, கலியாணம் நடந்துகொண்டிருந்த நேரம், நூற்று முப்பத்தைந்து. "பாத்தீரோ, வீட்டில நிண்டதாலதான் இறங்கினது" என்று நான் சொன்னேன். அதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவு. பெருமையாகச் சொன்னேன்.

அவள் கடையால் வந்து மரக்கறிப் பையை மேசையில் வைத்தாள். எட்டுக் கொப்பியும் திறந்து கிடப்பதைக் கண்டாள். மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"எட்டு எங்கை?" என்று கேட்டேன்.

அவள் விளங்காத மாதிரி நடிக்கவில்லை. அவளைப் பற்றி அதையாவது நான் சொல்லியாக வேண்டும்.

"எட்டு எங்களுக்கு ஆகாது, அந்த முன்னூற்றுப் பதினெட்டோட தெரிஞ்சுது. நல்ல நம்பராய் வந்தாலும் எட்டில முடிஞ்சா ஒண்டைக் கூட்டிச் சொல்லுவன்" என்றாள்.

"நல்லது வராட்டி?"

"வராட்டி, நல்லதைச் சொல்லுவன். நம்பர் நல்லா இருந்தா நீங்கள் நல்லா இருப்பியள். நீங்கள் நல்லா இருந்தா நான் கோயிலுக்குப் போகலாம், தங்கச்சியிட்டைப் போகலாம், ஒரு வாய் பாயாசம் குடிக்கலாம். நம்பர் பிழைச்சா வீட்டுக்குள்ள மணி அடிச்சபடிதான். நானும் எவ்வளவு நாளைக்கு அதைக் கேக்கிறது?"

ஆய்வுகூடங்களுக்கு எழுதிய ஆறு கடிதமும் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றையும் அனுப்பும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். முத்திரை ஒட்டியது அவள்தான். வைத்தியர்களுக்கு முன்னால் நான் கொப்பியைத் தட்டித் தட்டிப் பேசியபோது பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவளும் அவள்தான். அத்தனை வருடமும் உள்ளே கலம் கலமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே என் கொப்பியில் நூற்று நாற்பத்திரண்டு.

இவற்றுக்கெல்லாம் நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி.

"அவருக்கு எப்ப இருந்து தெரியும்?"

"முதல் கிழமையே சொல்லிப்போட்டன்."

"எனக்கு ஒன்பது வருசமாச் சொல்லாததை அந்தாளுக்கு ஒரு கிழமையில சொன்னீரோ?"

அவள் பையில் இருந்து கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"அவர் எழுதிறேல்லை" என்றாள்.

மூன்றாம் நாள் நான் ஊருக்குள் போய் ஒரு தொலைபேசி வாங்கினேன். கடைக்காரப் பெண் என்னிடம் எதற்காக என்று கேட்டாள். மனைவிக்காக என்றேன். அவருக்குப் பரிசா என்றாள். இல்லை, எனக்கு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. வீட்டில் அதில் உணரியைச் சேர்க்க ஒரு முழு முற்பகல் முயன்றேன். பதினொரு தடவை கடவுச்சொல் பிழை. கடைசியில் பதினேழு படியையும் ஏறினேன், இந்தத் தடவை இரண்டு இடத்தில் நின்று.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு இறங்கி வந்தார், செருப்பைக் கழற்றினார், என் தொலைபேசியில் ஏதோ செய்தார். பிறகு, இனி ஆன்ட்டி சம்மதித்தால்தான் என்றார். அவளுடைய தொலைபேசியில் ஒரு கேள்வி வந்திருந்தது, என் பெயரோடு. ஓம், இல்லை, இரண்டு பொத்தான்.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் என்னை இப்படி அளந்து பார்த்தது பெண் பார்க்கப் போன அன்று ஒரு தடவை. அன்று அவளுடைய தகப்பன் பக்கத்தில் இருந்தார். இன்று மேல்மாடிக்காரர் இருந்தார். அவர் யன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

"கொப்பி வேண்டாம்" என்றாள்.

"வேண்டாம்."

"எத்தனை எண்டு என்னைக் கேக்கவும் வேண்டாம்."

அது கடினமாக இருந்தது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் காலையில் அவளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

அவள் அழுத்தினாள்.

அவளுடைய திரையில் ஒரு பட்டியல் வந்தது, எண்களைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் என்று. அவருடைய பெயர் முதலாவது. என்னுடையது இரண்டாவது. சேர்ந்த ஒழுங்கில்தான் போடும், மாற்ற ஏலாது என்று அவர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

பிறகு எண் வந்தது. முதலில் அவருடைய சட்டைப்பைக்குள் கூவியது, ஒரு நொடி கழித்து என் கையில். இருநூற்று முப்பத்தெட்டு. மேல்நோக்கிய அம்புக்குறி. காது அடைத்தது, இரத்தம் கண்ட மாதிரி. பேனைக்காக என் கை சட்டைப்பைக்குப் போனதும் எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. கையை மேசையில் வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மேலாளர் எப்பிடி நடப்பா?" என்று கேட்டேன்.

"எந்த மேலாளர்?"

"வெஷரையில. திங்கட்கிழமைகளில. இவருக்குக் காட்டினீரே."

அவள் உடனே எழும்பவில்லை. முதலில் ஊசி எடுத்துப் போட்டாள், எத்தனை அலகு என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, தாடையை உயர்த்திக்கொண்டு, குசினி வாசலில் இருந்து குளிர்சாதனப் பெட்டிவரை நடந்தாள். ஆறு எட்டு வைத்தாள். மேல்மாடிக்காரர் பெரிதாகச் சிரித்தார். அவர் இதை இரண்டாம் தடவை பார்க்கிறார், நான் முதல் தடவை. அது எனக்கு இன்னும் நோகிறது.